அடிச்சட்டிப் பால்: ஒரு நாவல் பாத்திரம் நினைவில் நின்றது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, தோட்டப் பாடசாலையில் படித்து, பிறகு அதே மாதிரிப் பாடசாலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் கற்பித்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுதிய நாவலைப் பற்றிய பதிவு இது. அவரை இங்கே மாஸ்டர் என்றே குறிப்பிடுகிறேன். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் கையெழுத்துப் படிகளை வாசித்துத் திருத்திக் கொடுப்பவன். மாதத்துக்கு ஒருமுறை கூடும் சிறிய வாசகர் வட்டமொன்றையும் நடத்துகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, பெயர்களையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாஸ்டர் பதினொரு சீ.ஆர். கொப்பிகளை (தடித்த அட்டைக் கொப்பிகளை)த் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தார். கதை 1948இல் தொடங்கி 1984இல் முடிகிறது. தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறிய 1948இல்தான் கதாநாயகன் பிறக்கிறான். 1964 ஒப்பந்தம் வரும்போது அவனுக்குப் பதினாறு வயது. இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சமுள்ள 1,50,000 பேரின் கதி பிறகு பார்த்துக்கொள்ளப்படும் என்று இரு நாட்டுப் பிரதமர்களும் பங்கு போட்டார்களே, அந்த ஒப்பந்தம். கதாநாயகனின் குடும்பம் அந்த மிச்சத்தில் விழுகிறது. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்தபோது அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் நின்ற வருடத்தோடு நாவலும் நிற்கிறது.

எடுத்த எடுப்பில் நல்ல திட்டமாகத்தான் தெரிந்தது. வாசித்துப் பார்த்தால் கதாநாயகன் எங்கும் நிற்கவில்லை. அவன் வாயைத் திறந்தால் சரித்திரம் வருகிறது, அழுதாலும் சரித்திரத்துக்காகவே அழுகிறான். நானூறு பக்கத்தில் அவன் ஒரு தடவைகூட பசிக்கிறது என்று சொல்லவில்லை. பட்டினியைப் பற்றிப் பேசுகிறான்.

முதல் படியில் கவனித்தது

கொப்பிகளைத் தட்டச்சு செய்து, வட்டத்தில் ஒன்பது பேருக்குப் பிரதி கொடுத்தேன். இரண்டு ஆசிரியைகள், ஒரு தபால்காரர், கொழும்பில் கடையொன்றில் வேலை செய்து திரும்பிய இரண்டு இளைஞர்கள், பல்கலைக்கழக மாணவி ஒருத்தி, ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர், தையல்கடை வைத்திருப்பவர் ஒருவர், எழுபது வயதுக் கொழுந்தெடுத்த அம்மா ஒருவர். அந்த அம்மாவுக்குப் பேரன் இரவில் வாசித்துக் காட்டினான்.

வாசித்து முடித்த கையோடு கருத்துக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சூடு ஆறுவதற்குள் எல்லாப் பாத்திரமும் நினைவில்தான் இருக்கும். அதனால் பிரதிகளைத் திரும்ப வாங்கி, நான்கு வாரம் கழித்து ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக இரண்டு கேள்வி கேட்டேன். யார் ஞாபகத்தில் இருக்கிறார்கள்? அவர் என்ன செய்தார்?

கதாநாயகனின் பெயரை ஐந்து பேரால் சொல்ல முடியவில்லை. ஒன்பதில் எட்டுப் பேர் முதலில் சொன்னது பிள்ளைமடுவத்து (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்து) ஆயாவை. நாவலில் அவளுக்குப் பெயர் கிடையாது. மொத்தம் ஆறு பக்கம் வருகிறாள். எட்டுப் பேரும் சொன்னது ஒரே காட்சி.

காட்சி இதுதான். தாய்மார் மலைக்குப் போனபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் ஆயா. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வாளி வைக்கும் முறையில் வந்த சண்டையால் பணிய (கீழ்) லயத்துப் பெண் ஒருத்தியோடு பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தப் பெண்ணின் மகனும் மடுவத்தில்தான் வளர்கிறான். மாக்கூப்பனுக்கு வரிசையில் நிற்கிற காலம். ஆயா பால்மாவைச் சுடுதண்ணீரில் கரைத்து, அளந்து கொடுத்த கொஞ்சச் சீனியைச் சட்டியில் போடுகிறாள். கலக்குவதில்லை. மேலாலேயே அகப்பையால் அள்ளி அள்ளி எல்லாப் பிள்ளைகளுக்கும் ஊற்றுகிறாள். பணிய லயத்துக்காரியின் பையனைக் கடைசியில் நிறுத்தி, சட்டியைச் சரித்து அடியில் இருப்பதை அவன் பேணியில் வடிக்கிறாள். பார்த்துக்கொண்டிருந்த கங்காணி பெண்சாதி ஏன் அப்படி என்று கேட்க, ஆயா உரக்கச் சொல்கிறாள்: "அவ புள்ளைக்கு அடியில கெடக்கிறது போதும். மேலால உள்ளது நல்லவுங்க புள்ளைக்கு."

அவ்வளவுதான். சீனி எங்கே தங்கும் என்று மாஸ்டர் எழுதவில்லை.

கொழுந்தெடுத்த அம்மா இதைச் சொல்லும்போது கையைச் சட்டி மாதிரிக் குவித்துச் சரித்துக் காட்டினார். "வாயால வஞ்சிக்கிட்டே ஊத்துறா பாருங்க சேர், தேனு மாதிரி" என்றார். கணக்கப்பிள்ளை அது எழுபத்துநாலாம் வருடம் என்று அடித்துச் சொன்னார். காட்சியில் வருடம் குறிக்கப்பட்டிருக்கவில்லை. மாணவிக்கு அடிப்பால் விசயம் வாசித்தபோது புரியவில்லை. இரண்டு நாள் கழித்துத் தேத்தண்ணி குடித்துக் கோப்பையைக் கவிழ்க்கும்போதுதான் புரிந்ததாகச் சொன்னாள். எனக்கு அந்தப் பதில்தான் முக்கியமாகப் பட்டது. புத்தகத்தை மூடிய பிறகும் அந்தப் பாத்திரம் அவளுக்குள் வேலை செய்திருக்கிறது.

ஒன்பதாமவர், தையல்கடைக்காரர், ஆயாவைச் சொல்லவில்லை. பையனின் தாயைச் சொன்னார். அதை விதிவிலக்கு என்று குறித்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

முதல் முடிவும் அதற்கான காரணமும்

ஆயாவைப் பெரிதாக்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஆறு பக்கத்தில் இவ்வளவு நிற்கிறாள் என்றால் நூறு பக்கத்தில் நாவலையே தூக்கி நிறுத்துவாள் என்று கணக்குப் போட்டேன். ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். பாஸ்டர் 1927இல் செய்த பிரிவினையும் மனதில் இருந்தது. ஒரே குணத்தைச் சுற்றி எழுதப்படும் தட்டையான பாத்திரம், பல பக்கம் கொண்ட முழுமையான பாத்திரம் என்று அவர் பிரித்தார். ஆயாவை நான் தட்டை என்று எடுத்துக்கொண்டேன். தட்டையானவர்களை வாசகர் எளிதில் நினைவில் வைப்பார்கள் என்று பாஸ்டரே சொல்லியிருக்கிறார். முழுமையான பாத்திரத்துக்கு அவர் வைத்த சோதனை, அது நம்பும்படியாக நம்மைத் திடுக்கிட வைக்கிறதா என்பது. அந்தச் சோதனையில் ஆயா ஏற்கெனவே தேறியிருந்தாள் என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. பக்கக் கணக்கைப் பார்த்தேனே தவிர ஆளைப் பார்க்கவில்லை.

மூன்று காரியம் செய்யச் சொன்னேன். ஆயாவுக்கு முன்கதை வேண்டும், ஒரு குற்றம் குறை வேண்டும், அவள் மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று வாசகர் பார்க்க வேண்டும். எழுத்துப் பட்டறைகளில் எல்லோருக்கும் சொல்லப்படுவதுதான் இது.

மாஸ்டர் தயங்கினார். "அந்தம்மாவப் பத்தி எனக்கு அவ்வளவு தெரியாதே" என்றார். தெரியாவிட்டால் கற்பனை செய்யுங்கள், அதுதானே நாவல் என்றேன்.

அவர் எழுத உட்கார்ந்த காலமும் சேர்ந்துகொண்டது. 2023, மலையக மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு. தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நினைவு நடைபயணம் நடந்தது. கூட்டங்கள், மலர்கள், உரைகள். எழுதுகிற எவருக்கும் அந்த வருடம் தோளில் ஒரு பாரம் இருந்தது. எந்த ஆளை எழுதினாலும் அந்த ஆள் 200 வருடத்தையும் சுமக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நம்மைப் பற்றி நாமே எழுதாவிட்டால் எவரும் எழுதமாட்டார்கள் என்ற நியாயமான பயம் அது. ஆனால் அந்தப் பாரத்தை ஒரு பாத்திரத்தின் தலையில் வைத்தால் அதற்குக் கழுத்தைத் திருப்ப முடியாமல் போகிறது. கதாநாயகனுக்கு நடந்தது அதுதான். இரண்டாம் படியில் ஆயாவுக்கும் அதுவே நடந்தது.

இரண்டாம் படியில் நடந்தது

இரண்டாம் படியில் ஆயா தொண்ணூறு பக்கத்துக்கு வந்தாள். கோப்பிக் காலத்துப் பாட்டன், கொசுக்கடியில் மாண்ட பாட்டி, பிறந்து இறந்த இரண்டு பிள்ளைகள், கப்பலேறிய கணவன். குறை வேண்டும் என்று நான் கேட்டதற்காக, மடுவத்துப் பால்மாவைச் சேலைத் தலைப்பில் முடிந்து வீட்டுக்கு எடுத்துப் போகும் வழக்கம். அடிப்பால் காட்சி அப்படியே இருந்தது. அதன் முடிவில் ஒரு வரி மட்டும் கூடியிருந்தது. "சீனி அடியில் தங்கும் என்பது ஆயாவுக்குத் தெரியாதா என்ன?"

பழைய வாசகர்களில் ஆறு பேருக்கும் புதியவர்கள் மூவருக்கும் கொடுத்து, மறுபடி நான்கு வாரம் காத்திருந்து கேட்டேன். பழைய ஆறு பேரும் ஆயாவைச் சொன்னார்கள். ஆனால் முதல் படியில் படித்ததையே சொன்னார்கள், புதிய பக்கங்களிலிருந்து ஒன்றும் வரவில்லை. புதிய மூவர் சொன்னது எனக்கு இன்னும் உறைக்கிறது. மூவரும் "பாவம் அந்த ஆயா" என்றார்கள். என்ன செய்தாள் என்று கேட்டால், ரொம்பக் கஷ்டப்பட்டாள் என்றார்கள். அவள் செய்த ஒரு காரியத்தை மூவரில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அவளுக்கு நடந்தவைதான் அவர்கள் ஞாபகத்தில் இருந்தன.

இரண்டு படிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று மாலை உட்கார்ந்தோம். முதல் படி ஆயா சண்டைக்காரியாக இருந்தாள். அவளை எடைபோடும் வேலை வாசகரிடம் இருந்தது. இரண்டாம் படியில் அந்த வேலையை நாங்களே செய்து முடித்துக் கொடுத்துவிட்டோம். அந்த ஒரு வரி வந்ததும் மாணவிக்குக் கிடைத்த இரண்டு நாளும், தேத்தண்ணிக் கோப்பையும் புதிய வாசகர்களுக்கு இல்லாமல் போயிற்று.

வீட்டாரைச் சந்தித்தது

ஆயா கற்பனைப் பாத்திரம் என்று மாஸ்டர் அதுவரை சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் மாலை, மூலம் ஒருவர் உண்டு என்று ஒத்துக்கொண்டார். அவர் சிறுவனாக இருந்த அறுபதுகளில் அந்தத் தோட்டத்தில் பிள்ளை பார்த்த ஒரு அம்மா. இறந்து பல காலம். பேத்தி வேறொரு தோட்டத்தில் இருக்கிறார், அவரும் பிள்ளைகள் நிலையத்தில்தான் வேலை. அச்சுக்குப் போகுமுன் அவரிடம் காட்டியே ஆகவேண்டும் என்றேன். இந்த ஆய்வில் நான் எடுத்த முடிவுகளில் எந்த மாற்றமும் இல்லாமல் மறுபடி எடுக்கக்கூடியது இது ஒன்றுதான்.

லயத்து இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) உட்கார்ந்து, அந்த அம்மாவின் பேத்தி தொண்ணூறு பக்கத்தையும் அன்றைக்கே வாசித்தார். நாங்கள் கீழே கோயில்வரை நடந்து திரும்பினோம். சண்டைக்காரியாக எழுதியதற்கு வருத்தப்படுவார் என்று மாஸ்டர் பயந்துகொண்டே வந்தார். பேத்தி அதற்குச் சிரித்தார். "எங்க அம்மாயி சண்டைக்காரிதான். பீலியில வாளி வச்சா ஒருத்தரும் தொட ஏலாது." பிறகு பால்மா முடிச்சுப் பக்கத்தை எடுத்துக் காட்டினார். "இத மட்டும் எடுத்திருங்க சேர். அவுங்கள அப்பிடிச் சொல்லி ஒரு தடவ வேலைப் பதிவுல பேர வெட்டினாங்க. எடுக்கல. எடுக்கலன்னு சொல்லிக்கிட்டே செத்தாங்க."

மாஸ்டருக்கு இந்தச் சங்கதி தெரியாது. என் சொல் கேட்டுக் கற்பனையாகச் சேர்த்தது, அறியாமலே ஒரு பழைய பழியாகப் போய் விழுந்திருந்தது. அவர் எழுந்து நின்று, "மன்னிச்சுக்கங்க மகள்" என்றார். அந்தப் பக்கம் அங்கேயே கிழிக்கப்பட்டது.

வரும் வழியில், கோச்சி (ரயில்) நிலையத்து வாங்கில் உட்கார்ந்து, மாஸ்டர் மிச்சத்தையும் சொன்னார். அடிப்பால் குடித்த பையன் அவர்தான். பணிய லயத்துக்காரி அவருடைய அம்மா. "எனக்கு எப்பவும் கடைசியாத்தான் ஊத்துவாங்க. அது ஒரு அவமானமாத்தான் மனசுல இருந்துச்சு. ஆனா இனிப்பா இருந்ததும் ஞாபகம் இருக்கு. ரெண்டையும் ஒண்ணா வச்சுப் பாக்கவே இல்ல, எழுதுறவரைக்கும்." ஆயா தெரிந்துதான் செய்தாளா என்று கேட்டேன். "எனக்குத் தெரியாது. அதனாலதான் எழுதல" என்றார்.

மறக்கமுடியாத ஆளைப் படைக்கிற கைவண்ணம் என்று ஒன்று மாஸ்டரிடம் உண்டென்றால், அது அந்தப் பதிலில் இருக்கிறது என்பது என் முடிவு. கதாநாயகனைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். அவன் என்ன நினைக்க வேண்டும் என்று அவரே தீர்மானித்திருந்தார். ஆயாவிடம் மட்டும் அறுபது வருடமாக ஒரு கேள்வியோடு நின்றுகொண்டிருந்தார். தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுத வைத்தது நான். நம் அகப்பாடல்களில் ஆட்களுக்குப் பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியம் சொல்லும் மரபு. முன்கதையும் கிடையாது. தலைவி, தோழி, செவிலி என்று அவர்கள் நிற்கும் உறவு மட்டும்தான். இரண்டாயிரம் வருடமாக அந்தச் செவிலித்தாயை நாம் மறக்கவில்லை. அதையெல்லாம் படித்திருந்தும், பெயரில்லாத ஒரு ஆயா வந்து நின்றபோது அவளுக்குப் பரம்பரை தேடப் போனேன்.

இரண்டாம் முடிவு

மூன்றாம் படியில் ஆயா மறுபடி ஆறு பக்கத்துக்கு வந்தாள். விளக்க வரி போயிற்று. பேத்தி சொன்ன பொய்ப் பழியைக் கதையில் சேர்க்கலாமா என்று அவரிடமே கேட்டோம், வேண்டாம் என்றார், விட்டோம்.

கதாநாயகனை என்ன செய்வது என்பதுதான் பெரிய வேலை. அவன் பேசும் இடங்களையெல்லாம் குறிக்கச் சொல்லி, அவற்றில் எது மாஸ்டருக்கே விடை தெரியாத இடம் என்று கேட்டேன். ஒன்றே ஒன்று அகப்பட்டது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் ஒப்பம் வைக்கும் நாள். பையன் படித்தவன், தோட்டத்துக்கே கடிதம் எழுதிக் கொடுப்பவன். அப்பா கைநாட்டு. அப்பாவுக்குப் பிறகு அவன் முறை வருகிறது. கிளாக்கர் பேனையை நீட்டுகிறார். அவன் வாங்காமல், மைப்பெட்டியில் பெருவிரலை அழுத்தி அப்பாவின் ரேகைக்குப் பக்கத்தில் வைக்கிறான். முதல் படியில் இதற்குப் பிறகு ஒன்றரைப் பக்க வசனம் இருந்தது. ஏன் அப்படிச் செய்தான் என்று மாஸ்டரைக் கேட்டேன். அப்பாவுக்காகவா, அந்தத் தாளில் தன் எழுத்து விழக்கூடாது என்றா? யோசித்துவிட்டு, இரண்டில் எது என்று தனக்குத் தெரியவில்லை என்றார். வசனம் முழுவதையும் எடுத்தோம். அப்பா மகனின் விரலைத் தன் வேட்டியில் துடைத்துவிடுகிறார், மை போகவில்லை. காட்சி அங்கே முடிகிறது.

நாவல் நானூறிலிருந்து இருநூற்றைம்பது பக்கத்துக்குச் சுருங்கியது. ஒப்பந்தங்களும் எண்ணிக்கைகளும் பெரும்பாலும் போய்விட்டன. இதில் மாஸ்டருக்கு வருத்தம் இருந்தது. பிள்ளைகளுக்கு இந்த விவரமெல்லாம் யார் சொல்வது என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நாவலுக்கு முன்னால் நான்கு பக்கத்தில் காலக்குறிப்பு எழுதிச் சேர்த்தோம்.

விளைவு

500 பிரதி அச்சானது. வெளியீடு முடிந்து இரண்டு மாதம் கழித்து, முன்பின் படிக்காத பன்னிரண்டு பேரிடம் அதே இரண்டு கேள்வியைக் கேட்டேன். பத்துப் பேர் ஆயாவைச் சொன்னார்கள். பத்தில் நால்வருக்கு அவள் கெட்டவள், ஆறு பேருக்கு நல்லவள். அதில் இரண்டு பேர் என் முன்னாலேயே வாக்குவாதப்பட்டார்கள். ஏழு பேர் பெருவிரலைச் சொன்னார்கள். கதாநாயகனின் பெயர் அவர்களிலும் பலருக்கு ஞாபகமில்லை, "விரல் வச்ச பையன்" என்றார்கள். தோட்டத்தில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருக்கும்போது ஆளை அடையாளம் சொல்ல இப்படித்தான் பட்டப்பெயர் விழும்.

ஆயாவின் பேத்தி இரண்டு பிரதி வாங்கினார்.

இனி மாற்றிச் செய்வது

ஒரு பாத்திரம் வாசகர் மனதில் நிற்கிறது என்று கண்டவுடன் அதை வளர்க்கச் சொல்லமாட்டேன். வளர்ப்பதற்கு முன் எழுதியவரிடம், இந்த ஆளைப் பற்றி உங்களுக்குத் தெரியாதது எது என்று கேட்பேன். மூலமாக நின்ற மனிதர் உண்டா என்பதையும் முதல் சந்திப்பிலேயே கேட்பேன். இரண்டாம் படி வரை அதைக் கேட்காமல் விட்டதால்தான் ஒரு வீட்டின் ஆறாத புண்ணில் கைவைத்தோம். பாத்திரத்துக்குக் குறை வேண்டும் என்ற பொத்தாம்பொதுச் சொல்லை யாருக்கும் இனிச் சொல்வதாக இல்லை.

இன்னொன்று, விதிவிலக்கு என்று ஒதுக்கிய ஒன்பதாம் வாசகர். நாவல் வந்தபின் தையல்கடைக்காரர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். "அந்த வரி எங்க போச்சு?" என்றார். எந்த வரி என்று எனக்குப் புரியவில்லை. பழைய படியை எடுத்துப் பார்த்தேன். மாலையில் மலையிலிருந்து வரும் தாய், பையனின் வாயோரத்தில் காய்ந்திருக்கும் பாலைச் சுண்டுவிரலால் வழித்துத் தன் நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். மறுநாளும் ஆயாவோடு பேசவில்லை. ஒரே வரி. ஒன்பது பேரில் அவர் ஒருவர்தான் அதைப் பிடித்திருந்தார். தாய்க்கும் தெரியும், தெரிந்தும் சண்டையை விடவில்லை, அதனால்தான் தாயைச் சொன்னாராம். விளக்கம் எதுவும் கூடாது என்று மூன்றாம் படியில் நான் ஒவ்வொரு வரியாகக் கத்தரித்தபோது அதுவும் விளக்கம் என்று எண்ணி எடுத்துவிட்டேன். மாஸ்டரும் தன் அம்மாவைப் பற்றிய வரி என்பதால் கூச்சத்தில் மறுப்புச் சொல்லவில்லை.

அந்த வரி இல்லாமலே 500 பிரதி போய்விட்டது. மறுபதிப்பில் சேர்க்கக் குறித்து வைத்திருக்கிறோம். அதுவரை, தன் வீட்டில் மிச்சமிருக்கும் பிரதிகளில் அந்தக் காட்சி முடியும் பக்கத்தின் ஓரத்தில் மாஸ்டர் அதைப் பேனையால் எழுதிக்கொண்டிருக்கிறார். போன மாதம் போனபோது முப்பது பிரதி முடிந்திருந்தது.